ரெண்டு ஊருக்கு நம்பர் போட்டவன்

சாமுவேல் தோசையை உடனே தின்றுவிட மாட்டான். முதலில் அதன் ஓரத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, மேல்பக்கம் வெளியே தெரியும்படி மெல்ல மடிப்பான். மடிப்பின் முதுகில் நகத்தால் ஒரு கோடு இழுப்பான். கோடு விழுந்த இடத்தில் வெடிப்பு விடுகிறதா என்று குனிந்து பார்ப்பான். பிறகு இரண்டு கையாலும் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சம் எங்கெங்கே ஒழுகுகிறது என்று கவனிப்பான். கடைசியாகப் புரட்டி, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் ஒரு தடவு. இத்தனையும் முடிந்த பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, ஆனால் பந்தி முழுக்கக் கேட்கும்படி, ஒரு நம்பர் வரும்.

"ரெண்டு."

அதற்குள் தோசை ஆறிப்போயிருக்கும். ஆறின தோசைக்கு ஒண்ணாம் நம்பர் எப்படிக் கிடைக்கும் என்று அவனை யாரும் கேட்டதில்லை.

ஆம்பூரில் ஒரு தோல்ஷாப்பில் பதனிட்ட தோலைத் தரம் பிரிப்பது அவன் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை தோல்கள் அவன் முன்னால் வந்து விழும். மடிப்பான், தடவுவான், வெளிச்சத்தில் பிடிப்பான், நம்பர் சொல்வான். கத்தி வெட்டு இல்லாமல், உண்ணி கடித்த புள்ளி இல்லாமல், மாட்டுக்குச் சூடு போட்ட தழும்பு இல்லாமல் இருந்தால் ஒண்ணு. கொஞ்சம் இருந்தால் ரெண்டு. ஜாஸ்தி இருந்தால் மூணு. அதற்கும் கீழே போனால் ரிஜெட்டு. அவன் ரிஜெட்டு என்று தள்ளிய தோலைச் சென்னையில் எந்தக் கொம்பனும் ரெண்டாம் நம்பர் என்று விற்றதில்லை. அந்தப் பெருமை கையோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. அது வாய்க்கு வந்துவிட்டது. பாதிரியாரின் பிரசங்கம், பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூக்கு, மாவட்டக் கலெக்டரின் குதிரை, எதுவும் அவனிடமிருந்து நம்பர் வாங்காமல் தப்பவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் அவனுக்கு வயது இருபத்தொன்பது. மூன்று இடத்தில் பெண் பார்த்தாகிவிட்டது. வாணியம்பாடியில் ஒன்று, திருப்பத்தூரில் ஒன்று, பேரணாம்பட்டில் ஒன்று. மூன்று இடத்திலும் நல்ல மரியாதை. உட்கார வைத்தார்கள், உடனே எல்லா ஜன்னலையும் திறந்து விட்டார்கள், பலகாரம் கொடுத்தார்கள், எழுதிப் போடுகிறோம் என்றார்கள். எழுதியும் போட்டார்கள். மூன்று கடிதத்திலும் கர்த்தருடைய சித்தம் வேறாக இருந்தது.

"உன் வாய்தான் காரணம்" என்றான் முனிரத்தினம்.

முனிரத்தினம் தோல் தரகன். தோல் சந்தை மந்தமாகும் மாதங்களில் கல்யாணத் தரகும் பார்ப்பான். இரண்டுக்கும் ஒரே குடை, ஒரே நோட்டுப் புத்தகம்.

"பேரணாம்பட்டுல நான் ஒண்ணுமே பேசலயே" என்றான் சாமுவேல்.

"அதிரசத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சது யாரு? அவங்க ஆயாவா?"

சாமுவேல் கட்டை விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"இதப் பாரு சாமுவேலு. வேலூர்ல ஒரு இடம் கீது. கம்பவுண்டர் ரத்தினசாமி. ஒரே பொண்ணு, பேரு அமிர்தவள்ளி, ஸ்கூல்ல வாத்தியாரம்மா. இதுவும் தட்டிப்போனா அப்புறம் உனக்கு நான் தோல்தான் காட்ட முடியும், பொண்ணு காட்ட முடியாது. முதல்ல நீ வேலூருக்குப் போற. அவரு ஊரைச் சுத்திக் காட்டுவாரு, நீ பாக்குற. அப்புறம் அவங்க குடும்பத்தோட ஆம்பூருக்கு வருவாங்க, நீ சுத்திக் காட்டுற. இந்த ரெண்டு நாள், எதுக்கும் நம்பர் போடக் கூடாது. புரிஞ்சுதா?"

"வாயில வந்துடுதே. நான் இன்னா பண்றது?"

முனிரத்தினம் மடியிலிருந்து ஒரு கடுக்காயை எடுத்தான். தோல் பதனிடப் போடுகிற அதே கடுக்காய். "இத ஒடச்சுக் கன்னத்துல அடக்கிக்க. பேச்சு வராது. தோலுக்கே வாயடைக்கிற சரக்கு, உனக்கு அடைக்காதா?"

தோல்ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கம்பவுண்டருக்கு ஞாயிற்றுக்கிழமை. வேதக்காரன் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விட்டுப் பெண் பேச வந்தால் சர்ச்சில் கேள்வி வரும் என்று, ரத்தினசாமியே ஒரு வெள்ளிக்கிழமைக்குத் தனக்கு வயிற்றுவலி என்று எழுதிக் கொடுத்து லீவு வாங்கிக்கொண்டார். மருந்தும் தானே கலந்து, பெயர் ஒட்டி, அலமாரியில் வைத்துவிட்டு வந்தார். மனசாட்சி உள்ள மனிதர்.

சாமுவேலுக்கு ரயில் பிரயாணம் பிடிக்கும். ஆம்பூர்க்காரன் என்றால் ரயிலில் தனி மரியாதை என்பது அவன் அனுபவம். எவ்வளவு கூட்டமிருந்தாலும் அவன் போய் நின்றால் நாலு பேர் எழுந்து இடம் கொடுப்பார்கள். உட்கார்ந்த பிறகும் இன்னும் இரண்டு பேர் எழுந்து போவார்கள். அன்றைக்கும் காட்பாடி வரை கால் நீட்டிக்கொண்டுதான் போனான். அங்கிருந்து ஜட்கா வண்டி. பாலாற்றுப் பாலத்தில் போகும்போது மணலைப் பார்த்தான். நல்ல மணல், ஒண்ணாம் நம்பர் மணல். சொல்ல வாயெடுத்தவன், கடுக்காயை உடைத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டான். நாக்கு உடனே சுருங்கி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ரத்தினசாமி கோட்டை வாசலில் காத்துக்கொண்டிருந்தார். கோட்டு, தலைப்பாகை, கையில் நாலாக மடித்த கைக்குட்டை. அவர் அருகில் வந்தார், வணக்கம் சொன்னார், இரண்டடி பின்னால் போனார், கைக்குட்டையில் ஒரு சீசாவிலிருந்து யூகலிப்டஸ் தைலம் விட்டு மூக்கில் வைத்துக்கொண்டார்.

"எனக்குக் கொஞ்சம் ஜலதோஷம், தம்பி."

"ம்" என்றான் சாமுவேல்.

கோட்டையைச் சுற்றிக் காட்டுவதில் ரத்தினசாமிக்கு நிகர் கிடையாது. அவர் சொன்ன சரித்திரத்தில் எந்த முக்கியமான சம்பவத்திலும் அவர் குடும்பத்து ஆள் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தார். கோட்டைக்குக் கல் ஏற்றிய வண்டியை ஓட்டியவர் ஒருவர். சிப்பாய்க் கலகம் நடந்த ராத்திரி முதலில் விழித்துக்கொண்டவர் ஒருவர். அகழியில் முதலைகள் விட்டிருந்த காலத்தில் அவற்றுக்குத் தீனி போட்டவர் இன்னொருவர்.

"பத்தாயிரம் முதலை, தம்பி. ஒண்ணொண்ணும் பதினெட்டு அடி."

பதினெட்டு அடி முதலைத் தோல். வயிற்றுப் பக்கம் எப்படி இருக்கும், எத்தனை சதுர அடி தேறும் என்று சாமுவேலின் கட்டை விரல் தானாக அசைந்தது. கடுக்காயை இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டான்.

கோட்டைக்குள் இருந்த கோயில் மண்டபத்தில் யாளிகளும் குதிரை வீரர்களும் தூண் தூணாக நின்றிருந்தார்கள். கர்ப்பக்கிரகத்தில் சாமி இல்லை, வௌவால்தான் இருந்தது. ரத்தினசாமி வேதக்காரராக இருந்தும் அந்த மண்டபத்தைத் தன் சொந்த வீட்டு முன்கட்டு மாதிரி விளக்கினார். ஒரு குதிரையின் கழுத்தில் சாமுவேல் நகத்தை வைத்து மெல்ல இழுத்தான். கல்லில் ஒரு வெட்டு இல்லை, ஒரு புள்ளி இல்லை. ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு என்று உள்ளுக்குள் மனசு கத்திக்கொண்டே போனது. வெளியே "ம்" மட்டும் வந்தது. இவன் நகர்ந்த பக்கத்துக்கெல்லாம் எதிர்ப்பக்கமாக, காற்று வரும் திசை பார்த்து, ரத்தினசாமியும் நகர்ந்துகொண்டே இருந்தார். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இருவரும் சிலம்பம் பழகுவதாகத் தோன்றியிருக்கும்.

பிறகு லாங் பஜார். மூட்டையும் கைவண்டியுமாக நகர இடமில்லாத தெரு. ஆனாலும் சாமுவேல் நடந்த இடத்தில் மட்டும் வழி விட்டது. வேலூர்க்காரர்கள் நாகரிகம் தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டான். ரத்தினசாமி ஒரு கூடைக்கு முன்னால் நின்று, குழந்தையைத் தூக்குவது போல ஒரு கத்திரிக்காயைத் தூக்கினார். காம்பில் முள் இருந்தது.

"இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய். இது எங்க வேலூர் மண்ணுல மட்டும்தான் காய்க்கும். உங்க ஆம்பூர்ல பிரியாணி பிரியாணின்றாங்களே, அதுக்குப் பக்கத்துல வெக்கிற கத்திரிக்காய் இன்னா கத்திரிக்காய்? அதான் கேக்குறேன்."

"ம்."

"தெரியாதுல்ல? எதையோ வெச்சுப் பேர் வாங்கிடறாங்க."

வீட்டில் அவர் மனைவி செண்பகம் அந்தக் கத்திரிக்காயில் கொத்சு செய்து, இட்டிலியோடு வைத்தாள். இரண்டு வாசலையும் திறந்து வைத்திருந்தாள். அமிர்தவள்ளி தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். தலையில் கனகாம்பரம். மல்லி சீசன் அது, தெருவெல்லாம் மல்லி, இவள் கனகாம்பரம் வைத்திருந்தாள். அவனை நேராகப் பார்த்தாள், மூக்கைச் சுளிக்கவில்லை, ஜன்னல் பக்கம் போகவில்லை. சாமுவேல் கடுக்காயோடு இட்டிலியை விழுங்கினான். இரண்டும் சேர்ந்து ஒரு ருசியும் தெரியவில்லை. அதனால் நம்பரும் வரவில்லை.

அவன் போன பிறகு ரத்தினசாமி மனைவியிடம், "பையன் அடக்கமான பையன். காலைலேர்ந்து ஒரு வார்த்தை பேசல" என்றார். இது முனிரத்தினம் வழியாக அவன் காதுக்கு வந்தபோது சாமுவேலுக்குக் கடுக்காய் மேல் தனி பக்தியே வந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து, இன்னொரு வெள்ளிக்கிழமை, ரத்தினசாமிக்கு மறுபடி வயிற்றுவலி வந்தது. மூன்று பேரும் ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கினார்கள்.

இப்போதுதான் சாமுவேலுக்கு ஒரு சங்கடம் உறைத்தது. ஆம்பூரில் காட்ட என்ன இருக்கிறது? கோட்டை இல்லை, முதலையும் இல்லை. எப்போதோ நவாபுகள் அடித்துக்கொண்ட யுத்தம் ஒன்று இங்கே நடந்தது என்பார்கள். எந்த இடத்தில் என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். ஆகவே அவனுக்குத் தெரிந்ததில் மிக அழகான இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனான். தோல்ஷாப்பு.

விடுமுறை நாள். ஆள் அரவம் இல்லை. முற்றத்தில் ஆவாரம் பட்டை மலை மாதிரி குவிந்திருந்தது. சுண்ணாம்புத் தொட்டிகளில் பச்சைத் தோல்கள் ஊறிக்கொண்டிருந்தன. கொடியில் வரிசையாகத் தோல்கள் காய்ந்தன.

"இதான் எங்க சுண்ணாம்புத் தொட்டி" என்றான் சாமுவேல், ஒருவர் தன் ஊர்க் கடற்கரையைக் காட்டுகிற குரலில். "பக்கத்துல வந்து பாருங்க ஐயா."

"இங்கிருந்தே நல்லாத் தெரியுது, தம்பி" என்றார் ரத்தினசாமி. தைல சீசா காலியாகிக்கொண்டிருந்தது. செண்பகம் முந்தானையால் முகத்தைக் கண் வரைக்கும் மூடியிருந்தாள். ஆம்பூர்ப் பெண்களைப் பார்த்து முக்காடு பழகிக்கொண்டாள் போலும் என்று அவன் சந்தோஷப்பட்டான்.

"ஐயாவுக்கு இன்னும் ஜலதோஷம் விடல. சுக்குக் கஷாயம் வெச்சுக் குடிங்க."

"குடிக்கிறேன், தம்பி. ஊருக்குப் போனா சரியாயிடும்."

அமிர்தவள்ளி மட்டும் தொட்டி ஓரம் வரை போனாள், குனிந்து பார்த்தாள். பிறகு கொடியில் தொங்கிய தோல் ஒன்றின் ஓரத்தைப் பிடித்து மடித்தாள். மடிப்பின் மேல் கட்டை விரலை ஓட்டினாள். அப்படி மடிக்கப் பழகச் சாமுவேலுக்கே ஆறு மாதம் பிடித்தது.

"இது இன்னா புள்ளி?" என்றாள்.

"உண்ணி கடிச்சது."

"இது?"

"அது கத்தி பட்டது. தோல் உரிச்சவன் அவசரக்காரன்."

"அப்ப இது?"

ரெண்டு, என்று வாய் வரைக்கும் வந்தது. கடுக்காய் தடுத்தது. "ம்" என்றான். அவள் கொஞ்சம் ஏமாந்தது போலத் தெரிந்தது.

மத்தியானம் அன்வரி பேகம் வீடு. அன்வரி பேகத்தின் பிரியாணிக்கு முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். பேகம் திரைக்கு உள்ளே இருந்துகொண்டே சமைப்பாள். தேக்சாப் பாத்திரத்தின் மூடி மேல் நெருப்புத் துண்டுகளை அடுக்கித் தம் போட்டு இறக்கி, வேலைக்காரி வழியாக முன்கூடத்துக்கு அனுப்புவாள். அவள் முகத்தை வாடிக்கைக்காரர் யாரும் பார்த்ததில்லை. குரலைக் கேட்காதவரும் இல்லை.

பாய் விரித்து நாலு பேரும் உட்கார்ந்தார்கள். சீரகச் சம்பா அரிசி, பொடிப் பொடியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் வந்து விழுந்தது. கூடவே வெங்காயத் தயிர். இன்னொரு கிண்ணத்தில் எண்ணெய் மிதக்கும் கத்திரிக்காய், பேகத்தின் பாஷையில் பைங்கன்.

"இன்னா வாசனை, இன்னா வாசனை" என்றாள் செண்பகம். காலையிலிருந்து அவள் முகத்திலிருந்து முந்தானை இறங்கியது அப்போதுதான். சட்டென்று மகள் பக்கம் திரும்பினாள். "அமிர்தம், வாசனையப் பாரு."

அமிர்தவள்ளி ஒரு கணம் தாமதித்து, "ஆமாம்மா" என்றாள்.

சாமுவேல் கடுக்காயைத் துப்பியிருந்தான். அன்வரி பேகத்தின் பிரியாணியைக் கடுக்காயோடு தின்பது கோயிலுக்குள் செருப்போடு போவது போல. தைரியமாகத்தான் உட்கார்ந்தான். சோற்றைத் தொட்டான், கறியைத் தொட்டான், வாயைத் திறக்கவில்லை. உண்மையில் அங்கே எல்லாமே ஒண்ணு. ஒண்ணை அடக்குவது அவனுக்கு இப்போது பழகியிருந்தது.

அப்புறம் கத்திரிக்காய்க்குக் கை போனது.

எதிரே ரத்தினசாமி ஒரு துண்டைத் தின்றுவிட்டு லேசாகச் சிரித்தார். "நான் அன்னைக்கே சொன்னேனே தம்பி. பிரியாணி சரி. கத்திரிக்காய் இன்னா கத்திரிக்காய்?"

சாமுவேல் துண்டைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தான். மடித்தான். தோல் நார் நாராகப் பிரிந்தது. உள்ளே விதை கறுத்திருந்தது. ஜன்னல் பக்கம் திருப்பினான். முனிரத்தினம் மட்டும் அங்கே இருந்திருந்தால் குடையால் அடித்திருப்பான்.

"ரெண்டாம் நம்பர்" என்றான் சாமுவேல்.

சொன்ன உடனே துண்டை அவசரமாக வாயில் போட்டுக்கொண்டான். ஆனால் ரத்தினசாமியின் முகம் மலர்ந்தது. தன் ஊர்ச் சரக்கைத் தானே ரெண்டாம் நம்பர் என்று ஒப்புக்கொள்கிற மாப்பிள்ளை எங்கே கிடைப்பான்?

"அப்படிச் சொல்லுங்க. நியாயமா பேசினீங்க, தம்பி. ஆம்பூர்க் கத்திரிக்காய் ரெண்டாம் நம்பர்தான்."

திரைக்குப் பின்னால் கரண்டி நின்றது.

"யாரு அது, என் பைங்கனுக்கு நம்பர் போடுறது?" என்றது அன்வரி பேகத்தின் குரல். "ஆம்பூர் பைங்கன்னு யாரு சொன்னாங்க? வேலூர்லேர்ந்து வண்டியில வந்தது. இலவம்பாடிச் சரக்கு. முள்ளு என் கையெல்லாம் குத்தியிருக்கு, வேணும்னா வந்து பாக்கச் சொல்லு. இருபது வருஷமா அந்த ஊரு பைங்கன்தான் ஆக்குறேன். இந்த வாரம் முத்தலா அனுப்பிட்டான் ஷைத்தான். நான் இன்னா பண்றது?"

ரத்தினசாமியின் கை கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவே நின்றது. வேலூர்க் கத்திரிக்காயை, வேலூர்க்காரர் முன்னால், அதுவும் பெண்ணைப் பெற்றவர் முன்னால், ஒருவன் ரெண்டாம் நம்பர் என்று சொல்லிவிட்டான். அவரும் ஆமாம் போட்டுவிட்டார். பின்வாங்க வழியில்லாத கோபம், அதனால் இரண்டு மடங்குக் கோபம்.

"நம்பர் போடறது உங்க பழக்கமா, தம்பி?" என்றார் மெதுவாக.

நாலாவது கடிதம் எப்படித் தொடங்கும் என்பது சாமுவேலுக்குத் தெரிந்துவிட்டது. கர்த்தருடைய சித்தம். "தொழில் அப்படி, ஐயா" என்றான்.

"எங்க ஊருக்கு வந்து கோட்டையப் பாத்தீங்களே. அதுக்கு இன்னா நம்பர் போட்டீங்க?"

"அது ஒண்ணு, ஐயா. சத்தியமா ஒண்ணு."

"கத்திரிக்காய் மட்டும் ரெண்டா?"

அப்போது அமிர்தவள்ளி கிண்ணத்திலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். விரல் நுனியில் வைத்து நசுக்கினாள். விதைகளைக் கட்டை விரலால் உருட்டிப் பார்த்தாள். யாரையும் பார்க்காமல், பரீட்சைத் தாளுக்கு மார்க் போடும் முகத்தோடு சொன்னாள்.

"ரெண்டு இல்லப்பா. விதை கையில நெருடுது, தோலு சக்கையா வருது. மூணு."

திரைக்குப் பின்னால் அன்வரி பேகம் சிரித்தாள். "அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி. நான்கூட ரெண்டரைன்னு நெனச்சேன்."

சாமுவேல் இன்னொரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்த்தான். மூணுதான். வேலையில் சேர்ந்ததிலிருந்து அவன் நம்பரை ஒருவரும் திருத்தியதில்லை. அவன் அவளைப் பார்த்தான். அவள் பிரியாணியை ஒவ்வொரு பருக்கையாக விரலால் தடவித் தடவித் தின்றுகொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஸ்டேஷனில் ரத்தினசாமி பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில், காற்று வரும் பக்கமாக நின்றுகொண்டார். செண்பகமும் அமிர்தவள்ளியும் தனியாகப் போய் ஏதோ பேசிவிட்டு வந்தார்கள். வண்டி வந்தபோது ரத்தினசாமி ஜன்னல் வழியாகச் சொன்னார்: "அந்தக் கத்திரிக்காய் எந்தத் தோட்டம்னு நான் விசாரிக்கிறேன். இலவம்பாடி இருக்காது. வேற எங்கேயோ." வண்டி நகர்ந்தது. "பொண்ணு சரின்னுட்டா. முனிரத்தினத்த வரச் சொல்லுங்க."

வைகாசியில் கல்யாணம் நடந்தது. விருந்துக்கு அன்வரி பேகத்தின் பிரியாணி ஆம்பூரிலிருந்து வந்தது. கத்திரிக்காயை மட்டும் ரத்தினசாமி தானே போய்ப் பறித்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு பல வருஷம் சாமுவேல் தோல்ஷாப்பில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவனுக்கும் இந்தக் கதையைச் சொன்னான். உள்ளதை உள்ளபடி நம்பர் போடுகிறவனுக்கு நல்ல பெண் கிடைப்பாள் என்பது அவன் கதையின் முடிவு.

முப்பத்தாறில், மூன்றாவது குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வந்திருந்தபோதுதான் செண்பகம் வாய்தவறி விஷயத்தைச் சொன்னாள். பதினாறாவது வயதில் வந்த டைபாய்டு ஜுரத்தோடு அமிர்தவள்ளியின் மூக்குக்கு வாசனை தெரிவது நின்றுபோயிற்று. தீய்ந்த பாலில் காபி போட்டுக் கொடுத்தே நாலு மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனார்கள்.

"முனிரத்தினத்துக்கு ரெண்டு பக்கமும் தெரியும்" என்றாள் செண்பகம். "ரெண்டு ரிஜெட்டையும் சேத்து ஒரு ஜோடி போட்டேன்னு உங்க மாமாகிட்ட சொன்னாராம். ஆனா எனக்கு மனசு கேக்கல மாப்ளே. அன்னைக்கு ஸ்டேஷன்லயே இவகிட்ட சொல்லிட்டேன், அம்மாடி, அந்தப் பையன் பக்கத்துல நிக்க முடியல, அவ்ளோ நாத்தம்னு. இவ இன்னா சொன்னா தெரியுமா? எத்தனாம் நம்பர்னு கேட்டா."

சாமுவேல் தன் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. அடுப்படிக்குப் போனான்.

"ஏம்மா, என் மேல நாத்தம் வருதா?"

அமிர்தவள்ளி தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"யாரைப் போய்க் கேக்குறீங்க" என்றாள்.